கடல் கடந்த தேனீக்கள்

வரலாறு என்றால் அரசர்கள் முடி சூடியதும், போர் தொடுத்ததும், மடிந்ததுமே என்று எண்ணும் வழக்கம் மாணவரிடையே இன்னும் முற்றும் மாறவில்லை. கப்பல்கள் பெருங்கடல்களைக் கடந்த காலத்தைப் படிக்கும்போதும் அவற்றில் சென்ற வீரரையும் வணிகரையும் பாதிரிமாரையும் மட்டுமே நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். அக்கப்பல்கள் சிலவற்றில், வைக்கோற்புரியால் முடைந்த கூடுகளுக்குள் அடைபட்டு, ஒரு சிற்றுயிரும் பயணம் செய்தது. அதுதான் தேனீ. சென்ற நானூறு ஆண்டுகளில் மனிதன் அதனை அது பிறவாத கண்டங்களுக்கெல்லாம் கொண்டு சென்றான். சில இடங்களில் அதனால் நாடு செழித்தது. சில இடங்களில் எண்ணாத கேடு விளைந்தது. பல இடங்களில் இவ்விரண்டும் சேர்ந்தே வந்தன. அந்தக் குடிபெயர்ப்பின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல எடுத்துக்கொண்டேன்.

கதைக்குள் புகுமுன் தேனீக்களின் குலத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். தேனீ என்பது ஒரே இனம் அன்று. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட தேனீ இனங்கள் ஏறத்தாழ 20,000 ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை அடை கட்டுவதுமில்லை. நமக்கெனத் தேன் சேர்ப்பதுமில்லை. மண்ணில் வளை தோண்டித் தனித்து வாழ்வன பல. இலையை வட்டமாக நறுக்கிச் சென்று கூடமைப்பன சில. நம் வீட்டு உத்தரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியேறும் கரிய பெரிய வண்டு உண்மையில் தச்சுத்தேனீ என்னும் தேனீயே. அடை கட்டித் தேனைச் சேமித்து வைக்கும் உண்மைத் தேனீக்களோ பத்து இனங்களுக்கு மேற்படா. அவற்றுள் மூன்று நம் நாட்டிலேயே இயல்பாக வாழ்கின்றன. உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பெரிய ஒற்றையடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ ஒன்று. புதர்க்கிளைகளில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ மற்றொன்று. மரப்பொந்துகளில் அடுக்கடுக்காக அடைகளை அமைக்கும் அடுக்குத்தேனீ மூன்றாவது. கொடுக்கின்றி, சுவரிடுக்குகளில் வாழும் கொசுத்தேனீ வேறொரு குலத்தது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய நிலப்பரப்புகளுக்கு உரியது மேலைத்தேனீ. உலகெங்கும் கப்பலேறிச் சென்றது இந்த மேலைத்தேனீயே.

அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் இந்தத் தேனீ முன்பு இருந்ததில்லை. இதனை ஒருமுறை நான் வகுப்பில் சொன்னபோது, கடைசி வரிசையில் அமர்ந்திருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "அப்படியானால் அங்கே பூக்கள் எப்படி ஐயா காய்த்தன?" என்று கேட்டான். நல்ல வினா. நாம் அன்றாடம் உண்ணும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்காவில் பிறந்தவை. பரங்கிக்காய் தன் பெயரிலேயே தன் வரவைச் சொல்கிறது; பரங்கியர் கொண்டுவந்த காய் அது. இவையெல்லாம் மேலைத்தேனீ அங்கே கால் வைப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூத்துக் காய்த்தன. ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் உரிய தேனீக்கள் அம்மண்ணிலேயே இருந்தன. பரங்கிப்பூவை மட்டுமே நாடி, விடியற்காலையில் அது மலரும்போதே வந்து சேரும் தேனீ இனங்கள் அங்கு உண்டு. தக்காளிப்பூ தன் மகரந்தத்தைச் சிறு குழல்களுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. பம்பிள் தேனீ என்னும் மயிரடர்ந்த பருத்த தேனீ, பூவைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்கிறது. உப்புச் சீசாவைக் குலுக்கினாற்போல மகரந்தம் உதிர்கிறது. காற்றின் அசைவாலும் இது ஓரளவு நிகழும் என்றாலும், மேலைத்தேனீக்கு இவ்வித்தை தெரியாது. ஆக, தேனீயின் சிறப்பு தேன் தருவதில் மட்டும் இல்லை. பூவுக்குப் பூ வேறுபட்ட தொழிலைச் செய்ய இனத்துக்கு இனம் வேறுபட்டு அமைந்திருப்பதே அதன் பெருஞ்சிறப்பு.

அமெரிக்காவிலும் தேன் வளர்ப்பு இல்லாமலில்லை. மெக்சிகோ நாட்டின் யுகடான் தீபகற்பத்தில் வாழ்ந்த மாயர்கள் கொடுக்கில்லாத் தேனீ ஒன்றை வீட்டு முற்றத்தில் வளர்த்தனர். உள்ளே குடைந்த மரத்துண்டுகளைக் கிடையாக அடுக்கி, இருமுனைகளையும் வட்டக் கல்லால் அடைத்து, நடுவே தேனீ புகச் சிறு துளை விடுவர். ஷுனான் காப் என்பது அவர்கள் அதற்கு இட்ட பெயர். தேனீப் பெருமாட்டி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். தேன் அவர்களுக்கு மருந்தும் உணவும் ஆயிற்று. திருவிழாக்களில் அருந்தும் பானத்துக்கும் பயன்பட்டது. ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின் தேனையும் மெழுகையும் திறையாகப் பெற்றனர். மாதா கோயில்களின் மெழுகுவத்திகளுக்கு மெழுகு வேண்டியிருந்தது அன்றோ?

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. 1562ஆம் ஆண்டில் தியேகோ தே லாண்டா என்னும் ஸ்பானியத் துறவி, மானி என்னும் ஊரில், மாயர்களின் சமயச் சடங்குகளைக் குறித்த நூல்களைத் தீயிலிட்டார். மரப்பட்டைத் தாளில் எழுதப்பட்ட மாயர் ஏடுகளுள் இன்று எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கன. அவற்றுள் மாட்ரிட் நகரில் பாதுகாக்கப்படும் ஏட்டில் பல பக்கங்கள் தேனீயையும் தேன் வளர்ப்பையும் பற்றியனவாக இருக்கின்றன. தீயிட்ட அதே லாண்டாவும் அந்நாட்டுத் தேனீக்களைப் பற்றிப் பின்னாளில் குறிப்பெழுதி வைத்தார். ஓர் இனத்தின் அறிவு எவ்வளவு மெல்லிய இழையில் தொங்கிப் பிழைக்கிறது என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வட அமெரிக்காவுக்கு மேலைத்தேனீ சென்ற ஆண்டு ஐயத்துக்கிடமின்றித் தெரிகிறது. இலண்டனிலிருந்த வர்ஜீனியாக் கம்பெனியார் 1621ஆம் ஆண்டு டிசம்பரில் எழுதிய கடிதமொன்றில், தாம் அனுப்பும் பொருள்களுள் விதைகளோடும் பழமரக் கன்றுகளோடும் தேனீக்கூடுகளையும் குறிப்பிட்டனர். 1622ஆம் ஆண்டில் அவை வர்ஜீனியாவை அடைந்தன. பழமரக் கன்றையும் தேனீயையும் ஒருங்கே அனுப்பியதைக் கவனியுங்கள். மகரந்தச் சேர்க்கையின் அறிவியல் அன்று எவருக்கும் தெரியாது. எனினும் இரண்டும் சேர்ந்தே சென்றன. அங்கே தேனீக்கள் பெட்டியோடு நிற்கவில்லை. கூட்டம் பிரிந்து காட்டுக்குள் சென்று, மரப்பொந்துகளில் குடியேறி, குடியேறிய வெள்ளையரைவிட விரைவாக மேற்கு நோக்கிப் பரவின. அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவரான ஜெபர்சன், 1780களில் வர்ஜீனியாவைப் பற்றி எழுதிய தமது நூலில், செவ்விந்தியர் என அன்று அழைக்கப்பட்ட அந்நாட்டுப் பழங்குடி மக்கள் இதனை வெள்ளையரின் ஈ என்று அழைத்ததாகவும், அது தோன்றினால் வெள்ளையரின் குடியேற்றம் நெருங்கிவிட்டது என்று உணர்ந்ததாகவும் பதிவு செய்திருக்கிறார். காட்டில் ஒரு பூவின்மேல் அமர்ந்த சிற்றுயிரைக் கண்டு, நம் நிலம் கைவிட்டுப் போகப் போகிறது என்று அறிந்துகொண்ட மக்களின் மனநிலையை எந்தப் போர்க்குறிப்பும் இவ்வளவு தெளிவாகச் சொல்லுமா என்பது ஐயமே. மலைகளையும் பாலைகளையும் தாண்டிக் கலிபோர்னியாவை அடைய மட்டும் அதற்கு மீண்டும் மனிதனின் துணை வேண்டியிருந்தது. 1853ஆம் ஆண்டில் கப்பல் வழியாகவே அது அங்குச் சென்றது. இன்று அதே கலிபோர்னியாவில், மேற்கு ஆசியாவிலிருந்து வந்த வாதுமை மரங்கள் பிப்ரவரித் திங்களில் பூக்கும்போது, நாடெங்குமிருந்து 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட தேனீப் பெட்டிகள் லாரிகளில் கொண்டுவரப்படுகின்றன. வந்த மரத்துக்கு வந்த தேனீ வேலை செய்கிறது.

பெட்டிகளை இவ்வாறு ஊரூராகக் கொண்டு செல்ல முடிந்ததற்கு ஒரு சிறு அளவு காரணம். பிலடெல்பியாவில் வாழ்ந்த லாங்ஸ்ட்ராத் என்னும் பாதிரியார், அடைகளுக்கிடையே தேனீக்கள் ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளியை மட்டும் மெழுகால் அடைக்காமல் நடைபாதையாக விட்டுவைக்கின்றன என்பதை 1851ஆம் ஆண்டில் உணர்ந்தார். அவ்விடைவெளி விட்டு மரச்சட்டங்களைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால், அடையைச் சிதைக்காமல் எடுக்கலாம், பார்க்கலாம், மீண்டும் வைக்கலாம். அதுவரை தேன் எடுப்பதென்றால் பெரும்பாலும் கூட்டை அழிப்பதாகவே இருந்தது.

பூவைக் கொண்டு சென்று தேனீயை விட்டுச் சென்றால் என்ன ஆகும்? இதற்கு வனிலாவே சான்று. மெக்சிகோவின் காடுகளில் படரும் அக்கொடியை, 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் இந்துமாக்கடலில் உள்ள பூர்போன் தீவுக்குக் கொண்டு சென்றனர். ரீயூனியன் என்று இன்று வழங்கும் தீவு அது. கொடி தழைத்தது, பூத்தது, காய்க்கவில்லை. தாய்நாட்டில் அதன் பூவுக்குள் நுழைந்து பணி செய்த தேனீக்கள் இங்கு இல்லை. பூவின் ஆண்பகுதிக்கும் பெண்பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வு திரைபோல் நிற்கிறது. பூவோ ஒரே நாளில் வாடிவிடும். பெல்ஜிய நாட்டுத் தாவர அறிஞர் மோரன் 1836ஆம் ஆண்டில் கையால் மகரந்தச் சேர்க்கை செய்து காட்டினார் எனினும், தோட்டத்தில் வைத்துச் செய்யத்தக்க எளிய முறை எவர்க்கும் கிட்டவில்லை.

அதனைக் கண்டவன் எட்மண்ட் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவன் ஓர் அடிமை. 1841ஆம் ஆண்டில், ஒரு சிறு குச்சியால் அச்சவ்வை உயர்த்தி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தி வைக்கும் முறையை அவன் தன் எசமானுக்குச் செய்து காட்டினான். சில நொடிகளில் முடியும் வேலை. தீவெங்கும் அம்முறை பரவியது. வனிலாவால் பலர் செல்வரானார்கள். பிற்காலத்தில் வேறொரு தாவர அறிஞர் இக்கண்டுபிடிப்புக்கு உரிமை கொண்டாடியபோது, எட்மண்டை அடிமையாக வைத்திருந்தவரே அவன் பக்கம் நின்று எழுதினார் என்பது அவருக்குப் பெருமை. 1848ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின் எட்மண்ட் ஆல்பியஸ் என்று பெயர் பெற்ற அவன், 1880ஆம் ஆண்டில் வறுமையிலேயே இறந்தான். இன்றும் மடகாஸ்கரிலும், நம் நாட்டுத் தோட்டங்களிலும் வனிலாப் பூ ஒவ்வொன்றையும் மனிதக் கைதான் தொட வேண்டியிருக்கிறது. ஒரு தேனீயின் கூலியைக் கணக்கிட விரும்புவோர் வனிலாவின் விலையைக் கேட்டறியலாம்.

இனி நியூசிலாந்துக்குச் செல்வோம். அத்தீவுகளுக்கு மேலைத்தேனீ 1839ஆம் ஆண்டில் வந்தது. ஹோக்கியாங்கா என்னும் இடத்திலிருந்த கிறித்தவ ஊழிய நிலையத்துக்கு மேரி பம்பி என்ற பெண்மணி இரண்டு கூடுகளில் கொண்டுவந்தார். ஆங்கிலேய உழவர்கள் தம் ஆடுமாடுகளுக்காகச் சிவப்புக் குளோவர் என்னும் தீவனப் பயிரையும் விதைத்தனர். பயிர் முழங்காலளவு வளர்ந்தது. வயலெல்லாம் செந்நிறமாகப் பூத்தது. ஆனால் விதை பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் விதையை இங்கிலாந்திலிருந்தே விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தேனீதான் இருக்கிறதே, பின் ஏன் இக்குறை? சிவப்புக் குளோவரின் பூக்குழல் நீண்டது. மேலைத்தேனீயின் நாக்குக் குட்டையானது. அடியிலுள்ள தேன் அதற்கு எளிதில் எட்டாது. எட்டாத பூவை அது ஏன் நாடப்போகிறது? நீண்ட நாக்குடைய பம்பிள் தேனீயே அப்பூவுக்கு உரியது.

டார்வின் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் இவ்வுறவைக் குறித்து ஒரு சுவையான விளக்கம் தந்திருக்கிறார். வயலெலிகள் பம்பிள் தேனீயின் கூடுகளை அழிக்கின்றன. பூனைகள் எலிகளை அழிக்கின்றன. ஆகவே பூனைகள் மிகுந்த ஊரில் குளோவரும் மிகும் என்பது அவர் காட்டிய தொடர். நியூசிலாந்து உழவர்கள் பூனைகளைத் தேடவில்லை. தேனீயையே வரவழைக்க முனைந்தார்கள். பலமுறை முயன்றும் வெப்பக் கடலைத் தாண்டுவதற்குள் அவை மடிந்தன. 1882ஆம் ஆண்டில் நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்கு உறைந்த இறைச்சியை ஏற்றிச் செல்லும் குளிரூட்டிய கப்பல்கள் ஓடத் தொடங்கின. பம்பிள் தேனீயின் இராணி குளிர்காலத்தில் மண்ணுக்குள் உறங்குவது. அவ்வுறக்கம் கலையாமல் குளிரறையில் வைத்தால் கடலைக் கடத்திவிடலாம் அல்லவா? 1885ஆம் ஆண்டில், கான்டர்பரிப் பகுதியைச் சேர்ந்த கழகத்தார் இவ்வாறு நூற்றுக்கணக்கான இராணிகளை வரவழைத்தனர். உயிரோடு வந்து சேர்ந்தவை நூற்றுக்கும் குறைவு. அவையே போதுமானவையாயின. நான்கு இனங்கள் வேரூன்றின. குளோவர் விதை பிடித்தது. வெளிநாட்டுக்கு விதை அனுப்பும் நிலையையும் நியூசிலாந்து பின்னர் எய்தியது.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. இந்நான்கு இனங்களுள் குறுமயிர்ப் பம்பிள் தேனீ என்பது ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் பழைய பூம்புல்வெளிகள் உழப்பட்டு விளைநிலங்களாயின. பூக்கள் மறைய, அத்தேனீயும் குறைந்துகொண்டே வந்தது. 1988ஆம் ஆண்டில் தென்கிழக்குக் கடற்கரையில் கடைசியாகக் காணப்பட்டது. 2000ஆம் ஆண்டில் அந்நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நூறாண்டுகளுக்கு முன் கடன் கொடுத்த தாய்நாடு, தன் தேனீயை நியூசிலாந்திடமே திருப்பிக் கேட்க வேண்டிய நிலை வந்தது. ஆனால் அங்கிருந்தவை மிகச்சில இராணிகளின் வழித்தோன்றல்கள். மரபு வளம் குறுகியவை. அவற்றை வளர்த்துக் கொண்டுவரும் முயற்சி கைகூடவில்லை. இறுதியில் 2012ஆம் ஆண்டில் சுவீடனின் தென்பகுதியிலிருந்து இராணிகளைப் பெற்று, முன்பு மறைந்த அதே கடற்கரையில் விட்டார்கள். விடுமுன்னர் அப்பகுதி உழவர்கள் பூச்செடிகளை மீண்டும் வளர்த்துக் கொடுத்தனர்.

பம்பிள் தேனீயால் எல்லா நாடுகளும் நலம் பெற்றன என்று எண்ணிவிடலாகாது. கண்ணாடி வீடுகளில் வளர்க்கும் தக்காளிக்காக 1990களின் இறுதியில் சிலி நாட்டார் ஐரோப்பியப் பம்பிள் தேனீயை இறக்குமதி செய்தனர். அது வெளியே பரவி அண்டை நாடான அர்ஜென்டினாவுக்கும் சென்றது. அந்நிலத்துக்குரிய, பொன்னிறமான, உலகிலேயே மிகப்பெரிய பம்பிள் தேனீ, புதியவை பரவிய இடங்களிலெல்லாம் அருகி வருகிறது.

தென்னமெரிக்காவின் மற்றொரு நிகழ்ச்சி உலகறிந்தது. பிரேசிலுக்கு மேலைத்தேனீ போர்ச்சுகலிலிருந்து வந்த ஆண்டும் 1839தான். ஐரோப்பியக் குளிருக்குப் பழகிய அது வெப்ப நாட்டில் சோம்பிக் கிடந்தது; தேன் குறைவு. வார்விக் கெர் என்னும் மரபியல் அறிஞர், அதே மேலைத்தேனீயின் ஆப்பிரிக்கக் கிளையைக் கொணர்ந்து கலப்பினம் உண்டாக்கக் கருதினார். 1956ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து இராணிகளைக் கொண்டுவந்து, சாவோ பாலோ மாநிலத்தில் ரியோ கிளாரோ என்னும் ஊரருகே காட்டுத்தோப்பில் பெட்டிகளில் வைத்தார். பெட்டிகளின் வாயிலில் துளையிட்ட தகடுகள் இருந்தன. வேலைக்காரத் தேனீ அத்துளையில் புகும், பருத்த இராணி புகாது. 1957ஆம் ஆண்டில் அங்கு வந்த தேனீ வளர்ப்பாளர் ஒருவர், தேனீக்கள் இடர்ப்படுகின்றனவே என்று இரங்கி அத்தகடுகளை எடுத்துவிட்டாராம். 26 கூட்டங்கள் இராணிகளோடு வெளியேறின.

ஆப்பிரிக்காவில் தேன்கரடியும் மனிதனும் நெடுங்காலமாகக் கூட்டைக் கொள்ளையிட்டு வந்தமையால், அங்குள்ள தேனீ சிறு அசைவுக்கும் சினந்தெழும். அடிக்கடி கூட்டம் பிரிந்து இடம் பெயரும். இவ்வியல்புகள் கலப்பிலும் மறையவில்லை. ஆண்டுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பரவி, 1986ஆம் ஆண்டில் மெக்சிகோவையும், 1990ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சாஸ் மாநிலத்தையும் அவை அடைந்தன. மக்களும் கால்நடைகளும் மடிந்த செய்திகள் வந்தன. பத்திரிகைகள் கொலைகாரத் தேனீ என்று பெயரிட்டன. உண்மையில் அதன் ஒரு கொட்டு மற்றத் தேனீயின் கொட்டினும் கொடியதன்று. நூற்றுக்கணக்கில் சேர்ந்து கொட்டுவதே ஆபத்து. பழி முழுதும் கெர் தலைமேல் விழுந்தது. ஆயினும் பிரேசில் மக்கள் காலப்போக்கில் இத்தேனீயோடு பழகக் கற்றனர். பெட்டிகளை வீடுகளுக்கு அப்பால் தனித்து வைத்து, தடித்த உடையணிந்து, புகையிட்டு, நாட்டின் தேன் விளைவைப் பெருக்கினர். இன்று அங்குள்ள வளர்ப்பாளர்கள் இதனை விட்டுவிட விரும்புவதில்லை. கெர் 2018ஆம் ஆண்டில் தம் 96ஆம் வயதில் மறைந்தார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆராய்ந்து கழித்தது, பிரேசிலுக்கே உரிய கொடுக்கில்லாத் தேனீக்களைப் பற்றி என்பது பலருக்குத் தெரியாது.

தேனீயோடு நோயும் பயணம் செய்யும். நம் அடுக்குத்தேனீயின்மேல் வரோவா என்னும் சிறு உண்ணி நெடுங்காலமாக ஒட்டி வாழ்ந்து வந்தது. 1904ஆம் ஆண்டில் ஜாவாத் தீவில் இவ்வகை உண்ணியை முதன்முதல் கண்டு விவரித்தனர். அடுக்குத்தேனீ தன் உடலைத் துடைத்து உண்ணியைக் களைய வல்லது. உண்ணியும் ஆண் தேனீயின் புழுவறையில் மட்டுமே பெருகும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று அழிக்காமல் வாழ்ந்தன. மேலைத்தேனீயை மனிதன் கிழக்காசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்ததும், உண்ணி அதன்மேல் தாவிற்று. தற்காப்பு அறியாத அத்தேனீயின் வேலைக்காரப் புழுக்களிலும் அது பெருகியது. சிறகைச் சிதைக்கும் வைரஸையும் பரப்பியது. 1970களில் ஐரோப்பா, 1987ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள், 2000ஆம் ஆண்டில் நியூசிலாந்து என்று அது ஒவ்வொரு நாடாகப் புகுந்தது. கடைசிவரை தப்பியிருந்த ஆஸ்திரேலியாவின் நியூகாசில் துறைமுகத்தில் 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் அதனைக் கண்டனர். பல்லாயிரம் பெட்டிகளை அழித்துப் பார்த்தும் பயனின்றி, உண்ணியை ஒழிக்கும் முயற்சியை 2023ஆம் ஆண்டில் கைவிட்டு, அதனோடு வாழும் வழிகளைத் தேடலாயினர்.

நம் நாட்டிலும் இவ்வரலாற்றின் ஓர் அத்தியாயம் நடந்திருக்கிறது. மேலைத்தேனீயை இந்தியாவுக்குக் கொண்டுவரப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே பலர் முயன்று தோற்றனர். 1962ஆம் ஆண்டில், அன்று பஞ்சாபில் இருந்ததும் இன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ளதுமான நக்ரோட்டா பக்வான் என்னும் ஊரில் அம்முயற்சி வென்றது. அட்வால் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இத்தாலிய இராணியை நம் அடுக்குத்தேனீயின் குடும்பத்திலேயே சேர்த்து, அதன் வேலைக்காரத் தேனீக்களைக் கொண்டே அதனை வளர்க்கச் செய்தனர். மாற்றாள் பிள்ளையை வளர்த்த கதைதான். வட இந்தியக் கடுகு வயல்களில் இன்று கிடைக்கும் தேன் பெரும்பாலும் அவ்விராணிகளின் வழித்தோன்றல்கள் தருவதே. அயல் தேனீ எங்கும் கேடே விளைக்கும் என்று ஒரேயடியாகப் பேசுவோர் இதனையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

தெற்கே நாம் நம் தேனீயையே நம்பியிருந்தோம். திருச்சிராப்பள்ளியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், 1911ஆம் ஆண்டை ஒட்டி, லாங்ஸ்ட்ராத்தின் பெட்டியை அளவில் சுருக்கி, உருவில் சிறிய அடுக்குத்தேனீக்கு ஏற்ற பெட்டி ஒன்றை அமைத்துக் கிராம மக்களுக்குப் பயிற்சி தந்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயரில் அது இன்றும் வழங்குகிறது. அன்றைய திருவிதாங்கூரிலிருந்த மார்த்தாண்டத்தில், ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் 1924ஆம் ஆண்டில் தொடங்கிய கிராமச் சீரமைப்பு நிலையத்தின் வழியே தேனீ வளர்ப்பு வீட்டுக்கு வீடு பரவியது. நிலமில்லாத ஏழைக்கும் இரண்டு பெட்டி வைக்க இடம் இருந்தது. பூ எவருடைய தோட்டத்தில் பூத்தாலும் தேனீக்கு வேலி இல்லை.

1991, 1992ஆம் ஆண்டுகளில் பேரிடி விழுந்தது. தாய்லாந்தில் முதன்முதல் அறியப்பட்ட ஒரு வைரஸ் நோய் தென்னிந்தியாவைத் தாக்கியது. புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமல், நீர் நிரம்பிய சிறு பைகள்போல் ஆகி அறைகளிலேயே மடிந்தன. மேலைத்தேனீயை அந்நோய் வாட்டவில்லை, அடுக்குத்தேனீயையே வாட்டியது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் பத்தில் ஒன்பது பெட்டிகளுக்கு மேல் வெறுமையாயின. தேன் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் பெட்டிகளை விறகாக்கின. பின்னர் எங்கள் பள்ளிக்கு வந்த பெற்றோர் சிலர், கட்டணத்துக்குத் தவணை கேட்கும்போது சொன்ன காரணம் இதுவே. ஏலத்தோட்டங்களிலும் காய்கறிக் கொல்லைகளிலும் காய்ப்புக் குறையுமோ என்ற கவலையும் அப்போதுதான் பலருக்கு வந்தது.

இத்தாலியத் தேனீயைக் கொண்டுவந்து ஈடுசெய்யும் முயற்சி தெற்கிலும் நடந்தது. சில பகுதிகளில் அது நிலைத்தது. எனினும் கன்னியாகுமரி மாவட்டத்து வளர்ப்பாளர்கள் பலர், நோய்க்குத் தப்பி நின்ற பத்தில் ஒரு பங்குக் குடும்பங்களையும், காட்டுப் பொந்துகளில் எஞ்சியவற்றையும் தேடிப் பிடித்து, அவற்றையே பிரித்துப் பிரித்துப் பெருக்கினர். இன்று அம்மாவட்டத்தின் இரப்பர்த் தோட்டங்களில் வரிசையாக நிற்கும் பெட்டிகளில் இருப்பவை பெரும்பாலும் அவற்றின் மரபே. தை, மாசித் திங்களில் இலையுதிர்ந்த இரப்பர் மரம் மீண்டும் துளிர்க்கும்போது, இளந்தளிரின் காம்பு நுனியில் இனிய நீர் சுரக்கிறது. அடுக்குத்தேனீ பூவை விட்டு இலையில் அமர்ந்து அதனைப் பருகுகிறது. மார்த்தாண்டத்துத் தேனின் பெரும்பங்கு இவ்வாறு பெறப்படுவதே. அந்த மரமும் நம் நாட்டு மரம் அன்று. 1876ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டுக் காட்டிலிருந்து விதையாகக் கப்பலேறி, இலண்டன் வழியாக இலங்கைக்கு வந்து, பின்னர் நம் மலையடிவாரத்துக்குப் பரவியது.